ஒரு வண்டிக்காரர் நடத்திய யுத்தம்

மலர்க்குழு சீனியர் போன் பண்ணி, மனசுக்குப் பிடித்த தலைவர் ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். விஸ்வேஸ்வரய்யா, அப்துல் கலாம் பற்றி எப்படியும் நாலு பேர் எழுதியிருப்பார்கள். அதனால், டிகிரியே இல்லாத, பதினோரு வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் எர்னஸ்ட் பெவின். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் தொழிலாளர் அமைச்சர்.

இவரை நான் தெரிந்துகொண்டது ஒரு கேன்டீன் மூலமாக.

2013-ல் நம்ம மெக்கானிக்கல் பிளாக்கை விட்டு வெளியே வந்து ஒரு தொழிற்சாலையில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். எங்களுக்கெல்லாம் கேன்டீன் டோக்கன் உண்டு. கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடையாது. சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். அந்த ஆட்களில் ஒரு அண்ணன்தான் எனக்கு லேத்தில் ஜாப் செட் பண்ணவே கற்றுக்கொடுத்தவர். ஒரு மழை நாளில் அவர் டிபன் பாக்ஸை மடியில் மறைத்துக்கொண்டு சாப்பிட்டதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பேசாமல் உள்ளே போய் என் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 250 பேருக்கு மேல் வேலை பார்த்தால் கேன்டீன் வைக்க வேண்டும் என்று 46-ஆம் பிரிவில் இருந்தது. அதென்ன 250 என்று தேடிக்கொண்டே போனபோது, 1940-ல் பிரிட்டனில் போர்த் தளவாடத் தொழிற்சாலைகளுக்குப் போட்ட ஓர் உத்தரவிலும் அதே 250 இருந்தது. அதற்குப் பின்னால் நின்ற அமைச்சர்தான் பெவின்.

1881-ல் இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில், வின்ஸ்ஃபோர்டு என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா யாரென்றே தெரியாது. வீட்டு வேலை செய்து வளர்த்த அம்மாவும் இவருக்கு எட்டு வயதாகும்போது இறந்துபோனார். அக்கா வீட்டில் வளர்ந்து, பண்ணை வேலைக்குப் போய், பிறகு பிரிஸ்டல் நகரத்தில் குதிரை வண்டி ஓட்டினார். வண்டிக்காரர்களைச் சங்கமாகச் சேர்த்தார்.

1920-ல் துறைமுகத் தொழிலாளர்களின் கூலி பற்றி விசாரணை நடந்தது. ஐந்து பேர் உள்ள குடும்பம் இவ்வளவு இருந்தால் பிழைத்துக்கொள்ளும் என்று முதலாளிகள் தரப்பில் ஒரு பேராசிரியர் கணக்குக் காட்டினார். பெவின் அந்தக் கணக்கை வைத்தே கடைத்தெருவுக்குப் போனார். அந்தக் காசுக்குக் கிடைத்ததைச் சமைத்து, ஐந்து தட்டுகளில் பங்கு போட்டு, விசாரணை மன்றத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்! நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவனுக்கு இது போதுமா என்று கேட்டார். கேட்டபடி நாளொன்றுக்கு 16 ஷில்லிங் பரிந்துரைக்கப்பட்டது. பேப்பரில் சரியாக வரும் கணக்கை ஷாப் ஃப்ளோரில் வைத்துப் பார் என்று நம்ம லேப் சார்கள் சொல்வார்களே, அதுதான் இது.

1922-ல் பதினாலு சங்கங்களை ஒன்றாக்கிப் போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கி, 1940 வரை அதன் பொதுச் செயலாளராக இருந்தார். 1940 மே மாதம் சர்ச்சில் அவரை அமைச்சராக்கியபோது அவர் எம்.பி. கூட இல்லை. அதே மாதம் வந்த அவசரச் சட்டம், யாரை வேண்டுமானாலும் எந்த வேலைக்கும் அனுப்பும் அதிகாரத்தை அவர் கையில் கொடுத்தது.

1941 மார்ச்சில் வந்த உத்தரவுப்படி, முக்கியத் தொழில்களில் இருப்பவர் அரசு அதிகாரியின் அனுமதியில்லாமல் வேலையை விட முடியாது. ஆனால் அதே அனுமதியில்லாமல் முதலாளியும் யாரையும் வெளியே அனுப்ப முடியாது. வாரக் கூலிக்கு உத்தரவாதம் வேண்டும். வேலையிடத்தில் அடிப்படை வசதிகளும் வேண்டும். கேன்டீன், வெல்ஃபேர் ஆபீசர் எல்லாம் பரவியது அந்தக் காலத்தில்தான். பசியோடு நிற்பவனால் குண்டு செய்ய முடியாது என்பது அவருக்குச் சொந்த அனுபவம்.

1941 டிசம்பரில் வந்த சட்டம் இன்னும் பெரிய மாற்றம். 20 முதல் 30 வயதுக்குட்பட்ட, கல்யாணமாகாத பெண்களையும் குழந்தையில்லாத விதவைகளையும் கட்டாயப் பணிக்கு அழைத்தார்கள். அதுவரை கடையிலும் வீட்டிலும் வேலை பார்த்தவர்கள் லேத்திலும் மில்லிங் மெஷினிலும் நின்றார்கள். தேர்ந்த ஃபிட்டர் ஒருவர் செய்யும் வேலையைச் சின்னச் சின்ன ஆபரேஷன்களாகப் பிரித்து, ஜிக், ஃபிக்ஸ்சர் போட்டுக் கொடுத்தார்கள். குழந்தை உள்ளவர்களுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்காலக் காப்பகங்கள் திறக்கப்பட்டன.

கூலி விஷயத்தில்தான் கோட்டை விட்டார்கள். ஆண்களின் வேலையைத் தனியாகச் செய்யும் பெண்ணுக்கு 32 வாரத்துக்குப் பிறகு முழுக் கூலி என்று 1940-லேயே பொறியியல் துறையில் ஒப்பந்தம் இருந்தது. அது பெண்கள் வேலைதான் என்று பெயரை மாற்றிப் பல இடங்களில் தப்பித்துக்கொண்டார்கள். 1943-ல் கிளாஸ்கோ அருகே ஹில்லிங்டனில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் தொழிற்சாலைப் பெண்கள் இதற்காக வேலைநிறுத்தமே செய்தார்கள். சமக் கூலிச் சட்டம் அந்த நாட்டில் வந்தது 1970-ல்தான்!

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1941 முதல் இந்தியாவிலிருந்து இளம் தொழிலாளர்கள் தொகுதி தொகுதியாகப் பிரிட்டனுக்குப் போய்த் தொழிற்சாலைகளில் பயிற்சி பெற்றார்கள். ‘பெவின் பயிற்சியாளர்கள்’ என்று அவர்களுக்குப் பெயர்.

பெவினிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நிலக்கரிக்கு ஆள் போதாமல், 1943 டிசம்பரில் குலுக்கல் முறை கொண்டுவந்தார். பதிவு எண்ணின் கடைசி இலக்கம் விழுந்தால், ராணுவத்துக்குப் பெயர் கொடுத்த பையனும் சுரங்கத்துக்குத்தான் போக வேண்டும். முதல் குலுக்கலில் விழுந்தவை 0, 9. சுமார் 48,000 பேர் ‘பெவின் பையன்கள்’ என்று சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். யூனிஃபார்ம் இல்லாததால் ஊரில் அவர்களைக் கோழை என்று சந்தேகப்பட்டார்கள். போர் முடிந்ததும் மெடலும் கிடையாது. அரசு ஒரு பேட்ஜ் கொடுக்க 2008 ஆகிவிட்டது. வாழ்நாளெல்லாம் வேலைநிறுத்தம் நடத்தியவரே, 1944-ல் வேலைநிறுத்தத்தைத் தூண்டுவோருக்குத் தண்டனை என்று விதி போட்டார். இதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அதிகாரம் கைக்கு வந்தால் யாருக்கும் இந்த ஆபத்து உண்டு போலும்.

போருக்குப் பிறகு வெளியுறவு அமைச்சராக இருந்து, 1951 ஏப்ரலில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவருடைய அஸ்தி இருக்கிறது. அப்பா பெயர் தெரியாத வண்டிக்காரருக்கு, ராஜாக்கள் பக்கத்தில் இடம்.

என் கதையை முடித்துவிடுகிறேன். நான் அந்த ஐந்து தட்டுக் கதையைப் படித்த பிறகு, புரொடக்‌ஷன் மீட்டிங்கில் முதல் தடவையாக வாயைத் திறந்தேன். கை நடுங்கியது, ஒருவர் சிரித்தார். ஒன்றரை வருஷம் கழித்து, கான்ட்ராக்ட் ஆட்களுக்கென்று ஒரு சாப்பாட்டு ஷெட் வந்தது. கேன்டீனுக்குள் இல்லை, பக்கத்தில். பாதி வெற்றிதான். அதற்குள் அந்த அண்ணனின் கான்ட்ராக்டைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள். அந்த ஷெட்டில் அவர் ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை. நான் அந்த மழை நாளிலேயே பேசியிருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு ஒரு தொழிற்சாலைக்குள் போவீர்கள். முதல் நாள் மெஷினைப் பாருங்கள். இரண்டாம் நாள், மெஷினில் நிற்பவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று பாருங்கள். பார்த்தால் என்னைப் போலத் தள்ளிப் போடாதீர்கள்.

ரீயூனியன் அன்று நம்ம மெஸ்ஸில், ஒரே பந்தியில் எல்லோரும் உட்காருவோம். சாம்பார் அதே தண்ணிதானா என்று அங்கே பேசிக்கொள்ளலாம்!