கடல் கடந்து வந்த உமாதேவி அம்மையார்

நாம் வாழும் இந்நகரம் மறைமலையடிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என்று தமிழாக்கிக் கொண்டவர் அப்பெரியார். தாய்மொழிமேல் கொண்ட பற்றே அதற்குக் காரணம். அதே போலத் தாம் வந்து சேர்ந்த நாட்டின்மேல் கொண்ட அன்பினால் உமாதேவி என்னும் பெயரை ஏற்ற அம்மையார் ஒருவரும் உண்டு. மாமல்லபுரத்தில் அலைமோதும் இதே கடலின் கரையில், வடக்கே அடையாற்றில் அவர் பல காலம் வாழ்ந்தார். போலந்து நாட்டவரான அவரது இயற்பெயர் வாண்டா டினோவ்ஸ்கா. அவரது வரலாற்றை இவ்வாண்டு மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

அம்மையார் 1888ஆம் ஆண்டு ருசிய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அப்போது உலகப் படத்தில் போலந்து என்ற நாடே இல்லை. ருசியா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகள் அதனைக் கூறு போட்டுக் கொண்டிருந்தன. 1795ஆம் ஆண்டில் மறைந்த அந்நாடு மீண்டும் எழ 123 ஆண்டுகள் ஆயின. ருசிய ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளில் பள்ளிகளில் போலிஷ் மொழிக்கு உரிய இடம் மறுக்கப்பட்டது. வீட்டுக்குள்ளே அம்மொழியையும் செபங்களையும் பிள்ளைகளுக்கு ஊட்டிக் காத்தவர்கள் தாய்மாரும் பாட்டிமாருமே. நாடிழந்த மக்களின் ஏக்கம் எத்தகையது என்பதை அம்மையார் இளமையிலேயே அறிந்திருந்தார். அவரது பிற்கால வாழ்வு முழுவதையும் விளக்கும் திறவுகோல் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

1918ஆம் ஆண்டில் போலந்து விடுதலை பெற்றது. பல மொழிகளில் புலமை பெற்றிருந்த அம்மையார் பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டு, அச்சபையைப் போலந்தில் நிறுவுவதில் முன்னின்றார். பின்பு 1935ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 47. அந்த வயதில் புதிய நாட்டையும், புதிய மக்களையும், புதிய வெயிலையும் தமதாக்கிக் கொள்வது எளிய செயலன்று. திருவண்ணாமலையில் இரமண மகரிஷியைக் கண்டார். காந்தியடிகளின் இயக்கத்தில் ஈடுபட்டார். அடிமைப்பட்ட நாட்டின் துயரை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1939ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜெர்மனியும் சோவியத் ருசியாவும் இருபுறமும் போலந்தின்மேல் பாய்ந்தன. கிழக்குப் போலந்தின் குடும்பங்கள் பல சைபீரியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் நாடு கடத்தப்பட்டன. பசியிலும் குளிரிலும் மடிந்தவர் போக, எஞ்சியோரில் ஒரு பகுதியினர் ஈரான் வழியாக இந்தியா வந்து சேர்ந்தனர். 1942ஆம் ஆண்டில் ஜாம்நகர் மன்னர் பாலாசடி என்னும் கடற்கரை ஊரில் போலந்துச் சிறுவர் சிறுமியருக்கு முகாம் அமைத்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டில் கோலாப்பூருக்கு அருகே வலிவாடேயில் பெரிய முகாம் ஒன்று எழுந்தது. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 5,000 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். பள்ளியும் கோயிலும் அமைந்த சிறு போலந்தாகவே அது விளங்கியது. அம்மையார் வலிவாடேக்குச் சென்று அவ்விளைஞரோடு பழகி, இந்திய நாட்டின் கலைகளையும் பண்பாட்டையும் எடுத்துரைத்தார். வீடிழந்த பிள்ளைகளுக்குத் தாம் தங்கியிருக்கும் நாடு அந்நியமாகத் தோன்றக்கூடாது என்பதில் அவருக்கு இருந்த அக்கறையை நாம் உணர முடிகிறது.

1944ஆம் ஆண்டில், வார்சாவில் பிறந்து இந்தியாவில் குடியேறிய பொறியாளர் மாரிஸ் பிரீட்மனுடன் சேர்ந்து, போலந்து இந்திய நூலகம் என்னும் பதிப்பகத்தைத் தொடங்கினார். இந்திய இலக்கியங்களைப் போலிஷ் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். தமிழும் அவரது தொகுப்புகளில் இடம் பெற்றது. போலிஷ் எழுத்துகளில் வாலும் கோடும் புள்ளியும் பல உண்டு. சென்னையிலிருந்து அம்மொழியில் நூல்களைப் பிழையின்றிக் கொண்டுவருவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை, நம் பள்ளி மலருக்கு மெய்ப்புத் திருத்தும் மாணவியர் நன்கு அறிவர்.

1959ஆம் ஆண்டில் தலாய் லாமாவும் அவரைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான திபெத்தியரும் இமயத்தைக் கடந்து இந்தியாவில் அடைக்கலம் புகுந்தனர். அம்மையாருக்கு அப்போது வயது 70ஐக் கடந்திருந்தது. பேரப்பிள்ளைகளின் நடுவே ஓய்வாக அமர வேண்டிய பருவம் அது. அவரோ தர்மசாலாவுக்குச் சென்று, பேரப்பிள்ளைகள் வயதுடைய திபெத்திய இளைஞருக்குப் பாடம் கற்பித்தார். அகதிகளின் நல்வாழ்வுக்காக உழைப்பதே அவரது முதுமைக்காலப் பணியாயிற்று. 1971ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் மைசூரில் அவரது உயிர் பிரிந்தது.

சமய நெறியில் அம்மையார் தேர்ந்துகொண்ட வழி நம் வழி அன்று. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நம் ஆண்டவர் கூறிய நல்ல சமாரியர் உவமையை நினைத்துப் பார்ப்போம். காயமுற்றவனுக்கு அயலானாக நடந்துகொண்டவன் வேற்று நெறியைச் சேர்ந்தவனே அல்லவா? அவனைத்தானே ஆண்டவர் நமக்கு எடுத்துக்காட்டாக வைத்தார்! இந்தியர், போலந்துப் பிள்ளைகள், திபெத்தியர் என மூன்று மக்களின் துயரிலும் அம்மையார் தம் சொந்தத் துயரைக் கண்டார். பட்ட துன்பம் சிலருடைய நெஞ்சைக் கல்லாக்கி விடுகிறது. அவருடைய நெஞ்சிலோ அது பிறர் வந்து நுழையும் வாயிலாயிற்று.

அன்பு மாணவியரே! நம் நகரின் தொழிற்சாலைகளில் வேலை தேடி வடமாநிலங்களிலிருந்து வருவோர் பலர். அவர்களுடைய பிள்ளைகளின் மொழி நமக்குப் புரிவதில்லை; நம் மொழி அவர்களுக்குப் புரிவதில்லை. அப்படி ஒரு சிறுமி நாளை நம் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் தனியே வந்து அமரக்கூடும். அவளைப் பார்த்துச் சிரிப்போர் சிலர் இருக்கலாம். நாம் எழுந்து சென்று அவளருகில் அமர்ந்து, அவள் பெயரைக் கேட்டு, அதனைச் சரியாகச் சொல்லப் பழகுவோம். உமாதேவி அம்மையாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவாகவே இருக்கட்டும்.