சிரேனே ஊர் சீமோன்

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதையின் ஐந்தாம் ஸ்தலத்தில் நாம் நினைவுகூரும் சீமோன், ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவர் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சிரேனே என்பது இன்றைய லிபியா நாட்டின் வடகிழக்கில், மத்தியதரைக் கடலை அடுத்த மேட்டு நிலத்தில் விளங்கிய பெருநகர். கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் கிரேக்கர் அமைத்த அந்நகரில் பிற்காலத்தில் யூதர் பலர் குடியேறினர். யெருசலேமில் சிரேனே ஊராரும் கூடிய தொழுகைக்கூடம் ஒன்று இருந்ததாக அப்போஸ்தலர் பணி நூல் கூறுகிறது.

பாஸ்கா காலத்தில் நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்த சீமோனை உரோமைப் படைவீரர் பிடித்தனர். வழியே போகிறவனைப் பிடித்துச் சுமை தூக்க வைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது. தண்டனை பெற்ற ஒருவரின் சிலுவையை, ஊரார் கண்முன்னே, கட்டாயத்தின்பேரில் அவர் சுமந்தார்.

சாவதற்கும் தயார் என்று முந்திய இரவில் உறுதி கூறிய இன்னொரு சீமோனாகிய இராயப்பர், ஆண்டவரை மும்முறை மறுதலித்துவிட்டு அழுதுகொண்டே வெளியேறியிருந்தார். அழைக்கப்பட்ட சீமோன் இல்லாத வழியில், அயலூர்ச் சீமோன் வந்து சேர்ந்தார். இயேசுவுக்குப் பின்னே அவர் சிலுவையைச் சுமந்து நடந்ததாக லூக்கா எழுதுகிறார். சீடனுக்குரிய இடம் அதுவே அன்றோ!

அந்தச் சுமை அவரோடு முடிந்துவிடவில்லை. அலெக்சாந்தர், ரூபு என்போரின் தந்தை என்று மாற்கு அவரைக் குறிப்பிடுகிறார். அப்பிள்ளைகள் திருச்சபையில் அறிமுகமானவர்களாய் இருந்திருக்க வேண்டும். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் புனித சின்னப்பர் ரூபு என்பவரை வாழ்த்தி, அவருடைய தாயைத் தமக்கும் தாய் என்கிறார். அவர் சீமோனின் மகனே என்பது பலர் கருத்து. 1941-இல் யெருசலேமின் கெதரோன் பள்ளத்தாக்கில் ஒரு கல்லறைக் குகை கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்த எலும்புப் பேழை ஒன்றில், சீமோன் மகன் அலெக்சாந்தர் என்ற பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அது இக்குடும்பத்தினுடையதாக இருக்கலாம் என்பர் அறிஞர் சிலர்.

அந்தியோக்கியாவில் கிரேக்கருக்கு நற்செய்தி சொன்னவர்களிலும் சிரேனே ஊரார் இருந்தனர். ஆகவே கிறிஸ்தவ மறையை வெள்ளையர் மதம் என்பவர்கள் வேதாகமத்தைச் சரியாக வாசிக்காதவர்களே.

அன்பார்ந்த பங்கு மக்களே, நம் சிலுவைகளில் பெரும்பாலானவை நாம் கேட்டு வாங்கியவை அல்ல. படுக்கையில் கிடக்கும் மாமியார், நடக்க இயலாத பிள்ளை, கணவர் விட்டுச்சென்ற கடன் எனத் திடீரென்று தோளில் ஏற்றப்படுகின்றன. முணுமுணுத்தாவது ஆண்டவருக்குப் பின்னே நடந்தால் போதும். நம் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேலும், பிழைப்புத் தேடி வந்து நம் கோவிலின் கடைசி வரிசையில் நிற்கும் வேற்றூராரை அந்நியராக நடத்தாதிருப்போம். நாம் ஓடிப்போகும் நாளில் ஆண்டவரின் சிலுவைக்குத் தோள் கொடுப்பவர் அவராகவே இருக்கலாம்.