பாட்டே இல்லாத படம் எடுத்த வீணை வித்வான்

யுத்த காலத்தில் சென்னைத் துறைமுகத்தை அடுத்துக் குடியிருந்தவர்களுக்கு விமானச் சத்தம் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். 1914-ல் எம்டன் கப்பல் சுட்டு, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்ததை ராயபுரத்துப் பெரியவர்கள் மறக்கவில்லை. 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் வருகிறான் என்ற பீதியில் லட்சக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளுடன் பட்டணத்தைக் காலி செய்தார்கள். மறு வருஷம் அக்டோபரில் ஓர் இரவு, ஜப்பானிய விமானம் மெய்யாகவே வந்து, கோட்டை, துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் பறந்தது. சேதம் பெரிதல்ல. ஆனால் ஊர் நடுங்கிவிட்டது.

அந்தக் குண்டுச் சத்தத்தைக் கதையின் தொடக்கமாக வைத்துப் படம் எடுக்கலாம் என்று நினைத்தவர் ஒரு சங்கீதக்காரர். அவர்தான் வீணை எஸ். பாலசந்தர்.

குழந்தை நட்சத்திரம்

1927 ஜனவரி 18-ந் தேதி மயிலாப்பூரில் பிறந்தவர். தந்தை சுந்தரம் அய்யர் வக்கீல். 1934-ல் வெளியான 'சீதா கல்யாணம்' படத்தில் தந்தை ஜனகராகவும், அண்ணன் எஸ். ராஜம் ராமனாகவும், அக்காள் ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்தார்கள். உடன்பிறந்தவர்கள் ராமனும் சீதையுமாக நடிப்பதா என்று அன்று முணுமுணுத்தவர்கள் உண்டு! அதே படத்தில், ராவணன் சபையில் கஞ்சிரா வாசித்த பொடிப் பையன்தான் பாலசந்தர்.

கஞ்சிராவுக்குப் பின் தபேலா, மிருதங்கம், சிதார் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தார். கடைசியில் வீணைக்கு வந்தார். அதற்கு அவருக்குக் குரு கிடையாது. தாமே தடவித் தடவிக் கற்றுக்கொண்டார். இதில் அவருக்குப் பெருமையும் உண்டு, பிடிவாதமும் உண்டு.

சினிமாவையும் விடவில்லை. 1951-ல் 'கைதி'யை டைரக்ட் செய்தார். அதே வருஷம், ஜே. ஆர். ரங்கராஜுவின் பிரபல துப்பறியும் நாவலான 'ராஜாம்பாள்' படமானபோது அதில் வில்லனாக நடித்தார்.

ஐந்து வாய், ஐந்து கதை

நம் பழைய துப்பறியும் நாவல்களில் துப்பறிகிறவர் பின்னாலேயே வாசகரும் போவார். அவர் கண்டதே உண்மை. வேறு வழியும் உண்டு. இங்கிலாந்தில் வில்கி காலின்ஸ் 1868-ல் எழுதிய 'மூன்ஸ்டோன்' நாவலில் கதையைப் பலர் மாறி மாறிச் சொல்வார்கள். ஜப்பானில் அகுதாகவா 1922-ல் எழுதிய ஒரு சிறுகதையில், ஒரே சாவைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். அதை வைத்துக் குரோசாவா எடுத்த 'ராஷோமோன்' படத்தைத் திரைப்பட விழாவில் பார்த்தார் பாலசந்தர். அது அவரைப் பிடித்துக்கொண்டது.

அந்த உத்தியில் ஒரு நாடகம் எழுதினார். வானொலி அதை ஏற்கவில்லை. ஏவி. மெய்யப்பச் செட்டியார் ஏற்றார். ஜாவர் சீதாராமன் திரைக்கதை வசனம் எழுதினார். அதுதான் 'அந்த நாள்'.

குண்டு விழுந்த சமயம். ரேடியோ என்ஜினீயர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். 'பராசக்தி' வந்து இரண்டே வருஷம் ஆன நேரம். திரை விலகியதும் கதாநாயகன் பிணமாகிறான் என்றால், கொட்டகையில் இருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி, மனைவி என்று இரகசியப் போலீஸ் அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்கிறார். சந்தேகம் ஒருவர் மேலிருந்து இன்னொருவர் மேல் தாவுகிறது. இறந்தவன் ஒருவனே. ஆனால் ஒவ்வொரு வாயிலும் அவன் வேறு மனிதனாக இருக்கிறான். பொய் சொல்லுகிறவர் யார், தமக்கு வேண்டியதை மட்டும் பார்த்தவர் யார் என்று தீர்ப்புச் சொல்லும் வேலை நம் தலையில் விழுகிறது. ராஷோமோனில் உண்மை கடைசி வரை பிடிபடாது. இங்கே பிடிபடுகிறது. துறைமுகத்துக் குண்டுக்கும் அந்தக் கொலைக்கும் உள்ள முடிச்சு அவிழும்போது நெஞ்சு திக்கென்கிறது. கொலையாளி யார் என்பதை இங்கே சொல்லி, இன்னும் படம் பார்க்காதவர்களின் சாபத்துக்கு ஆளாக விருப்பமில்லை.

படத்தில் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. நடனமும் சண்டையும் கிடையாது. டஜன் கணக்கில் பாட்டுகள் இருந்தால்தான் படம் என்றிருந்த காலத்தில், நாடி நரம்பெல்லாம் சங்கீதமான ஒருவர் இப்படிச் செய்தார். விசாரணை நடக்கும் வீட்டில் யார் பாடுவார்கள்? அவர் செய்தது சரி என்பதே நம் அபிப்பிராயம். ஜனங்கள் அன்று ஏமாற்றத்துடன் எழுந்து போனார்கள். வசூல் இல்லை. தேசிய விருதில் நற்சான்றிதழ் கிடைத்தது. நல்ல பெயர் பிற்பாடு வந்தது.

வீணையும் வழக்கும்

பிறகு 'அவனா இவன்', 'பொம்மை' ஆகிய படங்களைச் சொந்தமாக எடுத்தார். 'பொம்மை' முடிவில், உழைத்த தொழில்நுட்பக் கலைஞர்களைத் திரையில் நிறுத்தி அறிமுகம் செய்தார். அகதா கிறிஸ்டியின் நாவலைத் தழுவிய 'நடு இரவில்' 1970-ல் வெளிவந்தது. அத்தோடு சினிமாவுக்கு முழுக்கு. அப்புறம் வீணை, வீணை, வீணைதான். 1982-ல் பத்மபூஷண் விருது பெற்றார்.

சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் குணம் மட்டும் போகவில்லை. சுவாதித் திருநாள் மகாராஜா பெயரில் வழங்கும் கீர்த்தனைகள் அவர் இயற்றியவைதானா என்று கேட்டுப் பெரிய சண்டை கிளப்பினார். பெரிய வித்வான்களெல்லாம் எதிர்க்கட்சியில் நின்றார்கள். அவர் வாதத்தைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அவரும் பின்வாங்கவில்லை.

வெளியூர் சென்றிருந்தபோது பிலாய் நகரில் 1990 ஏப்ரல் 13-ந் தேதி காலமானார். வயது 63. 'அந்த நாள்' வெளியானதும் ஓர் ஏப்ரல் 13-ந் தேதிதான், 1954-ல்.