திப்பு சுல்தானும் அவன் துப்பாக்கிகளும்

பழைய துப்பாக்கிகளைத் தேடிச் சேர்த்தல் செல்வர் பலர்க்கு உவப்பானதொரு பொழுதுபோக்கு. நாணயமும் அஞ்சல்தலையும் சேர்க்கும் மாணவருள்ளும் சிலர்க்கு அவ்வாசை எழுவதுண்டு. அத்துறையிற் புதிதாய்ப் புகுவோர் பொருளைத் தேடுமுன் அதனைச் செய்வித்தவன் வரலாற்றைக் கற்றல் வேண்டும் என்பது எமது துணிபு. இந்திய நாட்டுத் துப்பாக்கிகளுள் உலகமெங்கும் மிகுதியாக விரும்பப்படுவன மைசூர் வேந்தன் திப்பு சுல்தானுடையவை. அவன் சரிதமோ நம் பாலாற்றங்கரையோடு பலவாறு பின்னிக் கிடக்கின்றது. ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்க எழுதத் துணிந்தோம்.

திப்பு கி. பி. 1750-இல் பெங்களூருக்கு வடக்கேயுள்ள தேவனஹள்ளியிற் பிறந்தான். தந்தை ஹைதர் அலி அப்போது மைசூர்ப் படையில் ஒரு வீரனே, அரசனல்லன். தாய் பக்ருன்னிசா, கடப்பைக் கோட்டைத் தலைவராயிருந்தவருடைய மகள். காவேரிப்பாக்கத்திற்கு மேற்கே சில காதத் தொலைவிலுள்ள ஆற்காட்டில் திப்பு மஸ்தான் அவுலியா என்னும் இஸ்லாமியப் பெரியாரின் அடக்கத்தலம் உளது. அப்பெரியாரின் பெயரையே குழந்தைக்கு இட்டனர். பிற்காலத்து இங்கிலாந்து தேசத்தையே அச்சுறுத்திய பெயர் நம் ஆற்காட்டிலிருந்து சென்றதென்பதை ஆற்காட்டாரே பலர் அறியார்.

அக்குழந்தை தவழ்ந்துகொண்டிருந்த நாளிலே, 1752-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், காவேரிப்பாக்கத்திலே ஒரு போர் நிகழ்ந்தது. சந்தா சாகிபுவின் மைந்தன் ராஜா சாகிபுவும் அவனுக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரும் ஒரு மாந்தோப்பில் ஒன்பது பீரங்கிகளை மறைத்து வைத்து, ஆற்காட்டை நோக்கி விரைந்து வந்த ராபர்ட் கிளைவை அந்திப்பொழுதில் எதிர்பாராது தாக்கினர். நிலவொளியில் நெடுநேரம் போர் நடந்தது. தோப்பின் பின்புறம் காவலின்றிக் கிடப்பதை ஒற்றரால் அறிந்த கிளைவு ஒரு பிரிவைச் சுற்றுவழியே அனுப்பிப் பீரங்கிக்காரரைப் பின்னிருந்து சுடுவித்தான். ஒன்பது பீரங்கிகளும் மூன்று சிறு குண்டுவீச்சுக் கருவிகளும் அவன் கைப்பட்டன. பீரங்கியும் துப்பாக்கியும் ஒழுங்காகக் கையாளும் சிறு படை, பெருங் குதிரைப் படையை வெல்லும் என்னும் பாடத்தைத் தென்னாட்டார்க்குக் கற்பித்த போர்களுள் இதுவும் ஒன்று. அப்பாடத்தை மற்றெவரினும் நன்றாகக் கற்றவன் ஹைதர் அலி. எழுத்தறியாதவனாயினும் அவன் தன் காலாட்களுக்குத் திரித் துப்பாக்கியை விடுத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கியும் முனையீட்டியும் கொடுத்தான். பிரெஞ்சுத் தலைவர்களைக் கொண்டு பயிற்சி அளித்தான். 1761-இல் மைசூரின் ஆட்சியையே தன் கைக்கொண்டான்.

துப்பாக்கிகளைப் பற்றி அறியாத வாசகர்க்கு ஒரு சொல். திரித் துப்பாக்கியில் எரியும் கயிற்றுத் திரியைக் கொண்டு மருந்துக்குத் தீயூட்டுவர். மழையிலே திரி அவியும். இருளிலே அதன் கனல் பகைவனுக்குக் காட்டிக்கொடுக்கும். சக்கிமுக்கித் துப்பாக்கியிலோ குதிரை எனப்படும் விசைக்கொக்கியின் வாயில் ஒரு கற்சில் இறுக்கப்பட்டிருக்கும். விசையை இழுத்தவுடன் கல் எஃகுத் தகட்டில் உராய்ந்து பொறி பறக்க, அப்பொறி கிண்ணத்திலுள்ள மருந்திற் பட்டுக் குழலினுள்ளே செல்லும். வேகமும் நம்பகமும் மிக்கது. ஆயின் அதன் பூட்டைச் செய்வதற்குக் கடிகாரஞ் செய்வோனுக்கு உள்ளது போன்ற கைத்திறன் வேண்டும். இந்தப் பூட்டே திப்புவின் வாழ்நாள் ஆசையாயிற்று.

திப்பு அரபியும் பாரசீகமும் கன்னடமும் பயின்று, பதினாறு வயதளவிலேயே போர்க்களம் புகுந்தான். 1767-இல் முதல் மைசூர் யுத்தத்திலே அவன் குதிரைப்படையோடு சென்னைப் பட்டணத்தின் புறத்தேயுள்ள ஊர்கள் வரை வந்து கலக்கினான். அவ்வாண்டின் இறுதியிலேதான் அவன் தந்தை நம் ஆம்பூரைப் பல நாள் முற்றுகையிட்டு, உள்ளிருந்த கால்வர்ட்டு என்னும் ஆங்கிலத் தலைவனைப் பணியவைக்க இயலாது திரும்பினான். பின்னர் 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்திற்கு அணித்தான பொள்ளிலூரிலே தந்தையும் மகனும் கர்னல் பெய்லியின் படையைச் சூழ்ந்து நிர்மூலமாக்கினர். மைசூராரின் எரிவாணங்கள் பாய்ந்து கொண்டிருக்க, ஆங்கிலரின் மருந்துவண்டிகள் வெடித்துச் சிதறின. சிறைப்பட்டோருள் டேவிட் பேர்டு என்னும் இளைஞனும் ஒருவன். அவனை வாசகர் நினைவில் இருத்துக, மீண்டும் வருவான்.

அதே யுத்தத்தில் ஆற்காடு ஹைதரிடம் வீழ்ந்தது. வேலூர்க் கோட்டையோ வீழவில்லை. 1782 டிசம்பரில் ஹைதர் சித்தூருக்கு அணித்தான பாளையத்திலே இறந்தான். மலையாளக் கரையிற் போர்புரிந்துகொண்டிருந்த திப்பு விரைந்து வந்து ஆட்சியேற்றான். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையோடு போர் முடிந்தது. அவனுடைய ஆட்சி முழுதும் புகழ்ச்சிக்குரியதென்று எம்மால் எழுத இயலாது. குடகரையும் மங்களூர்க் கிறிஸ்தவரையும் ஆயிரக்கணக்காய்ச் சிறைபிடித்துக் கொண்டுபோனதும், மலையாளத்தாரை வருத்தியதும் மறைக்கத் தக்கனவல்ல. ஆயினும் தன் நாட்டிலேயே எல்லாங் கருவியும் செய்தல் வேண்டுமென்று அவனைப்போல் முயன்ற இந்திய வேந்தர் அக்காலத்து வேறொருவரிலர்.

ஸ்ரீரங்கப்பட்டணம், நகரம் எனப்படும் பிதனூர், பெங்களூர், சித்திரதுர்க்கம் ஆகிய ஊர்களில் படைக்கலப் பட்டறைகள் நடந்தன. 1786-இல் துருக்கிச் சுல்தானிடம் தூது விடுத்தபோது, தன் பட்டறையிற் செய்த துப்பாக்கிகளையும் காணிக்கைப் பொருளாகச் சேர்த்தனுப்பினான். 1788-இல் மூன்று தூதர் பிரான்சு தேசஞ் சென்று வெர்சேல்சு அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னனைக் கண்டனர். அவர்கள் கேட்டது படை மட்டுமன்று. துப்பாக்கி செய்வோரையும், கடிகாரஞ் செய்வோரையும், பீங்கான் செய்வோரையும் அனுப்புமாறு வேண்டினர். படை வரவில்லை, கைவினைஞர் சிலர் வந்தனர். அடுத்த ஆண்டே பிரான்சிற் புரட்சி மூண்டது. லூயி மன்னனோ சில ஆண்டுகளில் தன் தலையையே இழந்தான்.

இப்பட்டறைகளிலிருந்து வெளிவந்தவற்றை அறிந்துகொள்வதற்குச் சில அடையாளங்கள் உள. முதலாவது புலி. அவ்விலங்கைத் திப்பு தன் சின்னமாகக் கொண்டான். குழலின் வாய் புலித்தலையாக அமையும். குதிரையும் புலியுருவாக நிற்கும். புலிவரிகள் வெள்ளியிலும் பொன்னிலும் இழைக்கப்பட்டிருக்கும். இரண்டாவது எழுத்து. இறைவனுடைய சிங்கமே வெற்றி கொள்வதென்னும் பொருளுடைய அரபுச் சொற்களைப் புலிமுகம் போலத் தோன்றுமாறு வளைத்தெழுதிய முத்திரையொன்றைக் காணலாம். ஹைதர் என்னும் சொல்லையும் பொறிப்பர். அது சிங்கத்தைக் குறிக்கும். நபிகளின் மருகர் அலியின் சிறப்புப் பெயருமாம். திப்புவின் தந்தையின் பெயருமாம். ஒரு சொல்லில் மூன்று வணக்கம்.

மூன்றாவது அடையாளமே தொடக்கக்காரரை மயக்குவது. அது ஆண்டு. திப்பு ஹிஜ்ரி ஆண்டை விடுத்து, நபிகளின் பிறப்பை முதலாகக் கொண்ட மவ்லூதி என்னும் புதுக் கணக்கொன்றை ஏற்படுத்தினான். அவன் நாணயங்களில் அவ்வாண்டின் இலக்கங்கள் வலமிருந்து இடமாகவும் எழுதப்பட்டன. துப்பாக்கியொன்றில் 1222 என்று கண்டு, அதனை ஹிஜ்ரி என்றெண்ணிக் கணக்கிட்டால் கி. பி. 1807 என வரும். திப்பு இறந்ததோ 1799-இல். ஆகவே இது போலியென்று ஒருவர் தள்ளிவிடக்கூடும். மவ்லூதிக் கணக்கின்படி அது 1793–94 ஆகும், குற்றமொன்றுமில்லை. வரலாறறியாதவன் கையில் மெய்ப்பொருளும் பொய்ப்பொருளாகும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ? இதன் மறுதலையும் உண்மையே. துப்பாக்கிக் கட்டையில் ஆங்கிலத் தகடொன்று பதித்து, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எடுத்ததென்று எழுதியிருந்தால் மட்டும் நம்பிவிடலாகாது. தகட்டை எவரும் எப்போதும் பதிக்கலாம். குழலையும் பூட்டையும் பொறிப்பையும் ஒருங்கே நோக்கல் வேண்டும்.

1793–94 என்னும் அவ்வாண்டு எத்தகையதென்பதும் கருதத்தக்கது. 1792-இல் மூன்றாம் மைசூர் யுத்தத்தில் தோற்ற திப்பு, நாட்டிற் பாதியையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயும் கொடுக்க இசைந்து, தன் மைந்தர் இருவரைப் பிணையாக அனுப்பியிருந்தான். 1794-இலேதான் அச்சிறுவர் மீண்டனர். கடன்பட்டு, புதல்வரைப் பிரிந்திருந்த அக்காலத்தும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கொல்லர் நிறுத்தவில்லை. அவ்வாண்டு முத்திரையோடு கிடைத்த அரசனது வேட்டைத் துப்பாக்கியொன்று, ஒரே குழலில் ஒன்றன்பின் ஒன்றாய் இரண்டு மருந்தும் இரண்டு குண்டும் இட்டு இருமுறை சுடத்தக்கவாறு அமைந்தது. முன்னுள்ளது வெடிக்கும்போது பின்னுள்ளது பற்றிக்கொள்ளாதவாறு காத்தல் எளிய செயலன்று. பிற நாட்டாரைப் பார்த்துச் செய்வோர் என்று அக்கொல்லரை இகழ்ந்தவர் இதனைக் கண்டிலர் போலும்.

1799 மே 4-ஆம் நாள் நடுப்பகலில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைமதில் உடைபட்ட வழியே ஆங்கிலப் படை ஏறியது. அதனை நடத்தி வந்தவன் முன்பு பொள்ளிலூரிற் சிறைப்பட்டு, அதே ஊரில் ஏறத்தாழ நான்காண்டு தளையுண்டு கிடந்த பேர்டு. திப்பு உணவை விட்டெழுந்து மதிலுக்கு விரைந்தான். ஏவலர் நிரப்பி நிரப்பிக் கொடுத்த வேட்டைத் துப்பாக்கிகளால் தானே பன்முறை சுட்டான். காயமுற்று, நெரிசலிடையே ஒரு வாயிலிற் குதிரையினின்று வீழ்ந்து, எவரென்றறியாத ஒரு போர்வீரனாற் சுடப்பட்டு இறந்தான். இரவிலே விளக்கொளியிற் பிணக்குவியலிடையே அவன் உடலைக் கண்டெடுத்தனர்.

கோட்டையில் 929 பீரங்கிகளும் ஏறத்தாழ ஒரு லட்சம் துப்பாக்கிகளும் இருந்தன. வென்றோர் அரண்மனைப் பொருள்களைப் பதவிக்கேற்பப் பங்கிட்டுக்கொண்டனர், ஏலமும் விட்டனர். திப்புவின் துப்பாக்கி சேகரித்தல் என்னும் கலை அன்றே, அவ்வேலக் கூடத்திலேயே தொடங்கிற்று என்னலாம். அரியணைப் புலித்தலையும் துப்பாக்கியும் இங்கிலாந்து மன்னன் மாளிகைக்குச் சென்றன. அக்காலத்துச் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவு, காவேரிப்பாக்கத்தில் வென்ற ராபர்ட் கிளைவின் மகன். அவனும் அவன் மனைவி ஹென்றியெட்டாவும் சேர்த்த திப்புவின் பொருள்கள் வேல்சு நாட்டுப் பவிசுக் கோட்டையில் இன்றும் உள. மாமனார் பீரங்கி பறித்த சாலைவழியே அம்மாதரசி 1800-இல் மைசூரைக் காணச் சென்றதும் ஒரு விந்தை. படைவீரர் ஏந்திய எளிய துப்பாக்கிகளோ பெரும்பாலும் மறைந்தொழிந்தன. இன்று சேகரிப்போர் போற்றுவன பெரும்பாலும் அரசன் கைக்கென்று செய்த அலங்காரத் துப்பாக்கிகளே.

திப்புவின் குடும்பத்தாரை, ஹைதருக்கும் பணியாதிருந்த அதே வேலூர்க் கோட்டையிற் காவலில் வைத்தனர். 1806 ஜூலை 10-ஆம் நாள் அங்குச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மைசூர்ப் புலிக்கொடியை ஏற்றிய பின்பு, மைந்தர்களைக் கல்கத்தாவிற்கு அனுப்பிவிட்டனர். ஹைதரின் மனைவியும் திப்புவின் மனைவியும் வேலூரிலேயே அடக்கமாயினர்.

விலையைச் சொல்லாமல் விட்டால் சேகரிக்க விழையும் அன்பர் எம்மைப் பொறார். மேற்கூறிய இருவெடித் துப்பாக்கி 2015-இல் லண்டனில் ஏழு லட்சத்து இருபதாயிரம் பவுனுக்கு மேற்பட்ட விலைக்கு ஏலம் போயிற்று. நம்மனோர் கைக்கு எட்டுவதன்று. நம் நாட்டில் இத்துறையிற் புகுவோர் சட்டத்தையும் அறிதல் வேண்டும். 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், பழுதுபார்த்தாலும் சுடவியலாத பழம்பொருட்களுக்கே விலக்களிக்கின்றது. சுடத்தக்க நிலையிலுள்ளதற்கு அவ்விலக்கில்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டமோ, நூறாண்டு கடந்தவற்றைத் தனியார் கடல்கடத்துதலைத் தடுக்கின்றது. மாணவர்க்குச் செலவு குறைந்த வழி சென்னை எழும்பூர் அருங்காட்சியகம். அங்கே தஞ்சை அரண்மனைப் படைக்கலச் சாலையிலிருந்து வந்த பழங்கருவிகளைக் கண்டு, கண்ணைப் பழக்கிக் கொள்ளலாம்.

தேடுவோர்க்கு மண்ணும் இன்னும் கொடுக்கின்றது. திப்புவின் பட்டறையூர்களுள் ஒன்றாகிய நகரத்தில், 2018-ஆம் ஆண்டு பாழ்ங்கிணறு ஒன்றைத் தோண்டியபோது, இரும்புக் கூடுடைய எரிவாணங்கள் ஆயிரத்திற்கு மேல் வெளிப்பட்டன. பொள்ளிலூரில் ஆங்கிலப் படைமேற் பாய்ந்தவற்றின் இனமே அவை. உள்ளே மருந்து போன்ற கரும்பொடியும் இருந்தது.