அபினை எதிர்த்தவர் மீதே அபின் வழக்கு: பினாங்கு டாக்டர் வூ லியென் தே

பினாங்கு, 1907. இளம் மருத்துவர் ஒருவரின் மருந்தகத்தில் சோதனை நடந்தது. சிக்கியது ஓர் அவுன்ஸ் அபின் கரைசல். அபின் பழக்கத்தில் விழுந்தவர்களுக்குச் சிகிச்சை அளிக்க அவர் வாங்கி வைத்திருந்த மருந்து அது. அவர் முறையாகப் பட்டம் பெற்ற மருத்துவர். இருந்தும் வழக்கு தொடுக்கப்பட்டு அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீடும் எடுபடவில்லை.

அந்த மருத்துவர்தான் டாக்டர் வூ லியென் தே.

1879 மார்ச் 10ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். தந்தை சீனாவிலிருந்து குடியேறிய பொற்கொல்லர். பினாங்கு ஃபிரி பள்ளியில் படித்து, அரசியார் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கு மருத்துவம் பயின்ற முதல் சீன வம்சாவளி மாணவர் அவரே. 1903இல் தாயகம் திரும்பி, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். பின்னர் பினாங்கில் சொந்தமாக மருத்துவத் தொழிலைத் தொடங்கினார்.

அன்றைய மலாயாவில் அபின் சட்டப்படியே விற்கப்பட்டது. விற்பனை உரிமையை அரசு குத்தகைக்கு விட்டது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அபின் வழியே வந்தது. கூலிக்கு உழைத்தவர்களின் சம்பளம் அபின் கடைகளில் கரைந்தது.

இதைக் கண்டு பொறுக்காத டாக்டர் வூ, பினாங்கில் அபின் எதிர்ப்புச் சங்கத்தை நிறுவினார். 1906இல் அவர் கூட்டிய மாநாட்டில் சுமார் 2,000 பேராளர்கள் திரண்டனர். அபின் வணிகத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தவர்களுக்கு இது உறுத்தியது. மறு ஆண்டே சோதனையும் வழக்கும் வந்தன.

அவர் துவண்டுவிடவில்லை. சீன அரசின் அழைப்பை ஏற்று, தியான்ஜின் ராணுவ மருத்துவக் கல்லூரியில் பொறுப்பேற்றார். 1910 இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவி, ஏறக்குறைய 60,000 பேரைப் பலிகொண்டது. அதைக் கட்டுப்படுத்தும் பணிக்கு டாக்டர் வூ தலைமை தாங்கினார். துணியாலான முகக்கவசத்தை அணியச் செய்ததால் உலகம் அவரை இன்றும் நினைவுகூர்கிறது. ஹேக் நகரில் நடந்த அனைத்துலக அபின் மாநாட்டிலும் அவர் சீனப் பேராளராகக் கலந்துகொண்டார். பினாங்கில் அபின் வழக்கில் அபராதம் கட்டியவர், அபினைக் கட்டுப்படுத்த நாடுகள் கூடிய அவையில் அமர்ந்தார்.

1937இல் மலாயா திரும்பி, ஈப்போவில் முதுமை வரை நோயாளிகளைக் கவனித்தார். 1960 ஜனவரி 21ஆம் தேதி பினாங்கில் காலமானார்.

அபின் பழக்கத்தைத் திடீரென நிறுத்தினால் உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என உடல் படாதபாடு படும். அதைத் தாங்க முடியாமலேயே பலர் மீண்டும் போதைக்குத் திரும்புகின்றனர். அந்த வேதனையைத் தணிக்க, மருத்துவரின் கண்காணிப்பில் அதே வகை மருந்தை அளவோடு கொடுப்பது இன்று ஏற்கப்பட்ட சிகிச்சை. ஹெராயின் பழக்கத்துக்கு ஆளானவர்களுக்கு மலேசியாவில் 2005 முதல் மெதடோன் மருந்து வழங்கப்படுகிறது. போதைப் பித்தரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் நோயாளியாகப் பார்ப்பதே அதன் அடிப்படை.

பினாங்கு மருத்துவர் ஒருவர் அப்படிப் பார்த்ததற்கு, நூறாண்டுகளுக்கு முன்பு அபராதம் கட்ட வேண்டியிருந்தது.