பட்டிவீரன்பட்டிச் சௌந்தரபாண்டியனார்

திண்டுக்கல்லினின்றும் வத்தலக்குண்டு நோக்கிச் செல்வார்க்கு மேல்பால் தோன்றுவது கீழ்ப்பழனி மலைத்தொடர். அதன் அடிவாரத்தே, காப்பி வாணிகத்தாற் பெயர் பெற்று விளங்கும் ஊர் பட்டிவீரன்பட்டி. அவ்வூரில் 1893-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ஊ. பு. அய்ய நாடாரின் மைந்தராய்த் தோன்றியவர் சௌந்தரபாண்டியனார். அந்நாளில் திண்டுக்கல் தனி ஜில்லா அன்று. மதுரை ஜில்லாவின் ஒரு பகுதியே. மதுரை அமெரிக்கன் கல்லூரியிற் பயின்ற அவர், பின்னர்க் குடும்பத்துக்குரிய தோட்டத் தொழிலை மேற்கொண்டார். அவர்தம் செல்வத்தை விரித்தல் எம் கருத்தன்று. செல்வர் பலர் தோன்றி மறைந்தனர். ஆட்சி யாருக்குரியது என்னும் வினா நாடெங்கும் எழுந்த காலத்தில், அதற்கு அவர் தம் செயலால் இறுத்த விடையே ஈண்டு எடுத்துரைக்கத் தக்கது.

அவர் பிறந்த காலத்து நம் சமூகத்தின் நிலையை முதற்கண் நினைவுகூர்தல் வேண்டும். 1899-இல் சிவகாசிக் கலகம் நிகழ்ந்தது. கமுதிக் கோயில் வழக்கோ லண்டன் பிரிவி கௌன்ஸில் வரை சென்று, 1908-இல் நமக்கு எதிராகவே முடிந்தது. வாணிகத்தாற் பொருளீட்டிய குடியினர், இறைவன் சந்நிதிக்குப் புறத்தே நின்றனர். ஆயினும் தம்முள் ஒழுங்குற ஆட்சி நடத்தும் முறையை அவர்கள் பிறரிடம் கற்க வேண்டியிருந்ததில்லை. பேட்டைதோறும் உறவின்முறை கூடும். சரக்கின்மேல் மகமை எடுக்கப்படும். அப்பொருளால் கிணறும் மடமும் பள்ளியும் எழும். அந்நாளில் விருதுபட்டி எனப்பெற்ற விருதுநகரில் 1889-இல் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை அவ்வாறு எழுந்ததே. வழக்குத் தீர்ப்பதும் அவ்வவையே; மகமை தந்தவன் கணக்குக் கேட்கலாம். இதனைக் குடியாட்சியின் வித்து என்று நம்மவர் பெருமை பேசுவதுண்டு. அஃது ஓரளவு உண்மையே. ஆனால் அவ்வவையிற் பெண்டிர்க்கு இடமில்லை. பிற குடியினர்க்கும் இடமில்லை. உறவினருள் நடக்கும் குடியாட்சி வேறு, ஊரார் அனைவர்க்கும் உரிய குடியாட்சி வேறு என்பதை நாம் மறத்தலாகாது. 1910-இல் பொறையாற்றில் மகாஜன சங்கம் தோன்றியபோதும் இவ்வெல்லை அப்படியே நின்றது.

1919-ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டையாட்சியைக் கொணர்ந்தது. போலீஸும் நிலவரியும் போல்வன கவர்னர் வசமே நிற்க, கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம் ஆகியவை மந்திரிமார் வசமாயின. அரைகுறையான இவ்வதிகாரத்தை ஏற்பதா, மறுப்பதா? காங்கிரஸ் மறுத்தது, அந்நியன் அளந்து கொடுக்கும் ஆட்சி மக்களாட்சியாகாது, நாடு முழுதும் ஒன்றாய் நின்று முழு உரிமை பெறுதலே வேண்டும் என்பது அதன் கொள்கை. நீதிக்கட்சி ஏற்றது, அதிகாரம் வரும்போதே அது பல வகுப்பாரிடையும் பங்கிடப்படாவிடின், அந்நியன் அகன்ற பின்னரும் முன்பே படித்து முன்னேறிய சிலர் கையிலேயே அது தங்கிவிடும் என்பது அதன் கொள்கை. இரண்டும் பொருளற்றவை அல்ல. 1920-ஆம் ஆண்டுத் தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணிக்க, தேர்ந்தெடுக்கப்படும் 98 ஸ்தானங்களில் 63 நீதிக்கட்சியாருக்குக் கிடைத்தன.

அச்சபைக்கு நியமன அங்கத்தினராய்ப் புக்கவர் நம் சௌந்தரபாண்டியனார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. நியமனம் பெற்றவன் மக்கள் பிரதிநிதியாவானோ என்று எதிர்க்கட்சியார் கேட்டனர். கேள்வி நேரியதே, கவர்னரால் அமர்த்தப்பட்டவரை ஜனங்கள் விலக்க இயலாது. எனினும் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் கணக்கையும் சற்றே நோக்குவோம். சென்னை ராஜதானியில் நான்கு கோடி மக்கள் வாழ்ந்த காலத்தில், வாக்குரிமை பெற்றோர் ஏறத்தாழ 12½ லட்சம் பேர். அத்தேர்தலில் வாக்களித்தவரோ மூன்று லட்சத்திற்குச் சற்றே மிகுந்தோர். வரியும் சொத்தும் உடையார்க்கே வாக்கு. உழுகுடியும் கூலிக்குடியும் எந்தப் பெட்டியிலும் சீட்டிடவில்லை. ஆகவே தேர்தல் வழி வந்தோரும் நியமன வழி வந்தோரும், தம்மைத் தேராத கோடிக்கணக்கான மக்களுக்காகப் பேச வேண்டியவரே. அச்சபை 1921-இல் பெண்டிர்க்கு வாக்குரிமை வழங்கியதும், அவ்வாண்டிலேயே உத்தியோகங்களில் வகுப்புவாரிப் பங்கீட்டிற்கு ஆணை பிறந்ததும் குறிக்கத்தக்கன.

அவர் பெருமை சட்டசபையினும் ஜில்லா போர்டிலேயே மிகுதியும் விளங்கிற்று என்பது எம் துணிபு. 1920-களின் இறுதியில் அவர் ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராய் அமர்ந்தார். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை யாவும் அன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்தவை. தனியார் நடத்திய மோட்டார் பஸ்கள் அப்பொழுதுதான் கிராமச் சாலைகளில் ஓடத் தொடங்கியிருந்தன. அவற்றில் ஆதிதிராவிடர்க்கு இடமில்லை. காசு கையிலிருந்தும் வெயிலில் நடந்தே சந்தைக்கும் கோர்ட்டுக்கும் செல்ல வேண்டும். சாலை போர்டினுடையது, பஸ் ஓட்ட லைசென்ஸ் தருவதும் போர்டே. பொதுப் பொருளால் அமைந்த சாலையில் பொதுமக்களுள் ஒரு பகுதியாரை ஏற்ற மறுக்கும் வண்டிக்கு லைசென்ஸ் எதற்கு என்று கண்டார் அவர். எவரையேனும் சாதி கருதி ஏற்ற மறுத்தால் லைசென்ஸ் ரத்தாகும் என ஆணையிட்டார். பஸ் முதலாளிகள் முணுமுணுத்தனராயினும் பணிந்தனர். அந்த ஆதிதிராவிடர் பெரும்பாலார்க்கு அன்று வாக்கில்லை. அவர்க்கு இடந்தந்ததனால் தலைவருக்கு ஒரு வாக்கும் கூடப்போவதில்லை. மாறாக, வாக்குடையாரின் வெறுப்பே கிடைக்கும். நம்மவருள்ளும் அதனை விரும்பாதார் இருந்திருப்பர் என்பதைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. கோயில் வாயிலிற் பட்ட இழிவை நினைந்து அழுதவர், பஸ் வாயிலில் அதே இழிவைப் பிறர்க்கு இழைத்தல் எங்ஙனம் பொருந்தும்?

1929 பிப்ரவரி 17, 18 நாட்களில் செங்கற்பட்டில் முதலாவது மாகாணச் சுயமரியாதை மகாநாடு கூடிற்று. ஈ. வெ. ராமசாமிப் பெரியார் கூட்டிய அப்பெருங்கூட்டத்திற்கு அக்கிராசனம் வகித்தவர் சௌந்தரபாண்டியனார். சாதிப் பட்டங்களை விட்டொழிக்க வேண்டுமென்றும், பெண்மக்கட்கு ஆண்மக்களோடு ஒத்த சொத்துரிமை வேண்டுமென்றும் ஆங்குத் தீர்மானங்கள் நிறைவேறின. பின்னதைத் தமிழ்நாட்டரசு சட்டமாக்கியது 1989-இல், அறுபதாண்டு கழிந்தது. முன்னதைப் பற்றி, ஒரு சமூகச் சங்கத்தின் இதழில் எழுதும் யாம் யாது கூறுவது! சமூகத்தின் பேரால் சபை புகுந்தவரே, சமூகப் பட்டம் ஒழிக என்ற மகாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். இதனை முரண் என்பாரும் உளர். பிரதிநிதித்துவம் கேட்பது தாழ்வு நீங்குதற்கு. தாழ்வு நீங்கிய பின் பட்டம் எதற்கு என அவர் எண்ணினார் போலும். அவ்வெண்ணம் நமக்கு இன்னும் கைகூடவில்லை.

இதனிடையே காற்று மாறிற்று. 1926-இல் சுயராஜ்யக் கட்சி 41 ஸ்தானங்களுடன் முதலில் நிற்க, நீதிக்கட்சி 21-க்குக் குறைந்தது. 1937-இல் வாக்குரிமை முன்னினும் விரிந்த நிலையில், 215 ஸ்தானங்களில் 159-ஐக் காங்கிரஸ் வென்றது. அத்தேர்தலில் சாத்தூர்த் தொகுதியில் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவர் விருதுநகர்க் காமராசர். ஒரே சமூகத்தார் இருவர், இரண்டு கட்சி, குடியாட்சி பற்றிய இரண்டு நோக்கு. நம் குடும்பங்களிலேயே தந்தை நீதிக்கட்சியும் மைந்தன் காங்கிரஸுமாய் நின்ற காலம் அது. நடுநின்று நோக்குவார்க்கு மற்றொன்றும் புலனாகும். 1939 ஜூலை 8-ஆம் நாள் வைத்தியநாதையர் தலைமையில் ஆதிதிராவிடர் ஐவரும் நம்மவர் ஒருவரும் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்துட் புக்கனர்; அதற்குச் சட்டக் காவல் அளித்தது ராஜாஜியின் காங்கிரஸ் மந்திரிசபை. நீதிக்கட்சி பதினாறாண்டுக்கு மேல் சபையிலிருந்தும் திறவாத கதவு அது. பஸ்ஸின் கதவை ஒருவர் திறந்தார். கோயிற் கதவை மற்றவர் திறந்தனர். கட்சிப்பற்று மிக்கார் இவற்றுள் ஒன்றையே நினைவில் வைப்பர்.

வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தலை 1952-இல் கண்ட பின்னரே சௌந்தரபாண்டியனார் 1953 பிப்ரவரி 22-ஆம் நாள் மறைந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் காமராசர் முதன்மந்திரியானார். சென்னைத் தியாகராய நகரில் காமராசர் வாழ்ந்த திருமலைப் பிள்ளை வீதிக்கு அணித்தாய், நீதிக்கட்சித் தலைவர் பனகல் அரசரின் பெயர் பூண்ட பூங்காவை அடுத்து உள்ளது சௌந்தரபாண்டியன் அங்காடி. மக்கள் அதனைச் சுருக்கிப் பாண்டி பஜார் என்பர். அப்பெயரைப் புதுச்சேரியோடு தொடர்புறுத்திக் கூறுவார் நம்மவருள்ளும் உளர்.