வாயைத் திறக்கலை, ஆனாலும் ரகசியம் போயிடுச்சு!
(ரப்பர் மேதை சார்லஸ் குட்இயர் வாழ்க்கை)



முதலில் என் சோகக் கதை. போன வருஷம் ஆண்டு விழாவில் வகுப்புக்கு ஒரு கடை போடச் சொன்னாங்க இல்லையா? நானும் என் நண்பனும் ஒரு திட்டம் போட்டோம். என் மாமா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அங்கே கிழிந்த டியூப் மலை மாதிரி கிடக்கும். அதை நீளமாக வெட்டி, கேரியரில் புத்தகப் பை கட்டும் பட்டை செய்து, ஒன்று 3 ரூபாய்க்கு விற்கலாம் என்று முடிவு பண்ணினோம்.

ஒரு வாரத்துக்கு முன்னாடியே ஒரு பட்டையைக் கொண்டு வந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் காட்டினேன். எப்படி வெட்டினோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு! விழா அன்று பார்த்தால் வேறு ஒரு வகுப்புக் கடையில் அதே பட்டை. நுனியில் கம்பிக் கொக்கி வேறு! எங்கள் சரக்கில் பாதி வீட்டுக்கே திரும்பி வந்தது. இனிமேல் யாரிடமும் எதையும் சொல்லவே கூடாது என்று முடிவு கட்டினேன்.

அப்போது அறிவியல் சார் என்னைக் கூப்பிட்டு, குட்இயர் வாழ்க்கையைப் படித்துவிட்டு வா, அப்புறம் கோபப்படலாம் என்றார். மாமா கடைக்கு வரும் டிராக்டர் டயரில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு மனிதரின் பெயர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. படித்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கடனும் சிறையும்

சார்லஸ் குட்இயர் 1800-ஆம் ஆண்டு டிசம்பர் 29 அன்று அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் பிறந்தார். அப்பாவோடு சேர்ந்து இரும்புச் சாமான் வியாபாரம் செய்தார். 1830-இல் வியாபாரம் நொடித்துப் போனது. அந்தக் காலத்தில் கடனைக் கட்டாவிட்டால் சிறை. அவரும் போனார். அதற்குப் பிறகும் பல முறை போனார்.

1834-இல் நியூயார்க்கில் ஒரு ரப்பர் கடைக்குப் போனார். அங்கே விற்ற ரப்பர் மிதவையின் வால்வு சரியில்லை என்று தோன்றியது. வீட்டில் உட்கார்ந்து நல்ல வால்வு ஒன்றைச் செய்து எடுத்துப் போய்க் காட்டினார். கடை நிர்வாகி வால்வைப் பாராட்டினார். ஆனால் பிரச்சினை வால்வில் இல்லை, ரப்பரில்தான் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். வெயில் வந்தால் ரப்பர் பிசுபிசு என்று உருகி நாறும். குளிர் வந்தால் கல் மாதிரி இறுகும். வாங்கினவர்கள் எல்லாம் பொருளைத் திருப்பிக் கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

ரப்பரைத் திருத்தியே தீருவேன் என்று அன்றைக்குப் பிடித்த பிடியை அவர் சாகும் வரை விடவில்லை. அரசாங்கத்துக்கு 150 தபால் பைகள் செய்து கொடுக்க ஒப்பந்தம் கிடைத்தது. செய்து மாட்டி வைத்த பைகள் வெயில் சூட்டில் உருவம் கெட்டுத் தொங்கின. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களைக்கூட விற்றார் என்று சொல்வார்கள்.

அடுப்பில் விழுந்த அதிர்ஷ்டம்

நத்தானியல் ஹேவர்ட் என்பவர் ரப்பரில் கந்தகத் தூளைத் தூவி வெயிலில் காய வைத்துப் பார்த்தார். மேல்பக்கம் ஒட்டாமல் வந்தது. குட்இயர் அந்த யோசனையைச் சும்மா தூக்கிக் கொள்ளவில்லை. ஹேவர்ட் பெயரிலேயே காப்புரிமை எடுக்க வைத்து, அந்த உரிமையை முறைப்படி எழுதி வாங்கிக் கொண்டார். இது நடந்தது 1839-இல். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அதே 1839-இல், வோபர்ன் என்ற ஊரில், கந்தகம் கலந்த ரப்பர் துண்டு ஒன்று தற்செயலாகச் சூடான அடுப்பில் பட்டது. உருகி ஓடியிருக்க வேண்டியது, தோல் மாதிரி கருகி நின்றது. கருகின ஓரத்தை ஒட்டிய பகுதி இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. வெயிலுக்கும் குளிருக்கும் அசையவில்லை. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று கண்டுபிடிக்கத்தான் வருஷக்கணக்கில் ஆனது. கையில் காசும் இல்லை.

மாதிரித் துண்டு செய்த வேலை

பணம் வேண்டுமென்றால் யாரிடமாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? 1842-இல் ஸ்டீபன் மோல்டன் என்பவர் மூலமாக, பக்குவம் செய்த ரப்பர் துண்டுகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்குள்ள கம்பெனிகள் பார்த்துவிட்டு உரிமையை வாங்கும் என்று நம்பினார். செய்முறையைச் சொல்லவில்லை. ஆனால் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு மனு போடவும் இல்லை.

அந்தத் துண்டுகள் தாமஸ் ஹான்காக் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் இருபது வருஷமாக ரப்பரிலேயே ஊறினவர். துண்டின் மேல் மஞ்சளாகக் கந்தகம் படிந்திருந்தது. அவருக்கு அது போதாதா? ராத்திரி பகலாகச் சோதனை செய்து தானும் வழி கண்டார். 1843 நவம்பரில் இங்கிலாந்தில் மனு போட்டுவிட்டார். குட்இயரின் மனு அங்கே போய்ச் சேர்ந்தபோது சில வாரங்கள் பிந்திவிட்டது. அவ்ளோதான்! 1855-இல் நீதிமன்றமும் ஹான்காக் பக்கமே தீர்ப்புச் சொன்னது. பிரான்சிலும் சட்டச் சிக்கலில் உரிமை போனது.

ஹான்காக்கைத் திருடன் என்று சொல்லிவிட முடியாது. அவர் எந்தச் சத்தியத்தையும் மீறவில்லை. எழுதி வாங்காத இடத்தில் எதை மீறுவது?

அமெரிக்காவில் மட்டும் 1844 ஜூன் 15 அன்று காப்புரிமை கிடைத்தது. அங்கேயும் பலர் அனுமதி இல்லாமல் செய்து விற்றார்கள். 1852-இல் டிரென்டன் நகரில் நடந்த பெரிய வழக்கில் டேனியல் வெப்ஸ்டர் வாதாடி குட்இயரை ஜெயிக்க வைத்தார். ஜெயித்தும் கடன் தீரவில்லை. 1855-இல் பாரிஸில் கடனுக்காகச் சிறையில் இருந்தபோதுதான் பிரான்சின் உயர்ந்த விருது அவரைத் தேடி வந்தது! 1860 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் இறந்தார். அப்போது கடன் சுமார் 2 லட்சம் டாலர். 1898-இல் அவர் நினைவாகப் பெயர் வைத்துத் தொடங்கிய டயர் கம்பெனிக்கும் அவர் குடும்பத்துக்கும் சம்பந்தம் இல்லை.

எனக்குப் புரிந்தது

படித்து முடித்ததும் என் பட்டை ஞாபகம் வந்தது. நானும் அதைத்தானே செய்தேன்! வாயை மூடிக்கொண்டு, பொருளைக் கையில் கொடுத்துவிட்டேன். பொருளே எல்லாம் சொல்லிவிட்டது.

ஆனால் யாரிடமும் பேசவே மாட்டேன் என்று நான் எடுத்த முடிவும் தப்புதான். கடை நிர்வாகி மனசு விட்டுப் பேசாமல் இருந்தால் குட்இயர் ரப்பர் பக்கமே வந்திருக்க மாட்டார். ஹேவர்ட் சொல்லாவிட்டால் கந்தகம் ஏது? ஹேவர்டிடம் எழுதி வாங்கின அதே கை, இங்கிலாந்துக்குத் துண்டை அனுப்பும்போது ஒரு மனு எழுதாமல் விட்டது. ஒரே மனிதர், ஒரு தடவை பிழைத்தார், ஒரு தடவை தோற்றார்.

சார் சொன்ன இன்றைய நடைமுறை இது. வெறும் யோசனைக்குக் காப்புரிமை கிடையாது. செய்து காட்டக்கூடிய புதிய பொருளுக்கோ செய்முறைக்கோதான் உண்டு. ஊருக்குக் காட்டும் முன்னாடியே மனு போட வேண்டும். முழு விவரம் தயாராகாவிட்டால் நம் நாட்டில் தற்காலிக மனு போட்டு, 12 மாதத்துக்குள் முழு மனு கொடுக்கலாம். கிடைத்தால் மனு போட்ட நாளிலிருந்து 20 வருஷம் உரிமை. ஒரு நாட்டில் வாங்கினது இன்னொரு நாட்டில் செல்லாது. காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியிலும் இருக்கிறது. மனுவுக்கு முன்னால் ஒருவரிடம் பேசியே ஆக வேண்டுமென்றால், வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிவிட்டுப் பேச வேண்டும். பொருள் என்ன செய்யும் என்பதைத் தாராளமாகச் சொல்லலாம். எப்படிச் செய்தோம் என்பதையும், மாதிரியையும் அவசரப்பட்டுக் கொடுக்கக் கூடாது.

எங்கள் 3 ரூபாய்ப் பட்டைக்குக் காப்புரிமை எல்லாம் கிடைக்காது, தெரியும். அதனால் கொக்கி மாட்டின நண்பர்களிடம் நானே போய்ப் பேசினேன். இந்த வருஷம் ஒரே கடை. டியூப் எங்களுடையது, கொக்கி அவர்களுடையது, லாபம் பாதிப் பாதி. நோட்டில் தேதி போட்டு நாலு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நோட்டு சாரிடம் பத்திரமாக இருக்கிறது. கடைக்கு எல்லோரும் வாங்க!



10-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்